கை தட்டிக் கூப்பிட்டவன்

அம்மணி,

இன்று காலை உக்கடத்தில் பேருந்துக்கு நின்றபோது மழை பிடித்துக்கொண்டது. நனைந்த தெருநாய் ஒன்று என் காலோரம் ஒதுங்கியது. அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் நம் நாய் செவலை நினைவுக்கு வந்தது, அதன் பின்னாலேயே நீயும் வந்துவிட்டாய். நீ போன பிறகு உனக்கு இப்போதுதான் எழுதுகிறேன். இருந்தபோது மட்டும் என்ன கிழித்தேன்?

தொண்ணூறுகளின் நடுவில், சோமனூரில் நம் தறிக்குடோனுக்குப் பக்கத்துக் குடோனை மூடிவிட்டுப் போனார்கள். காவலுக்குக் கட்டியிருந்த பெட்டை நாயை அவிழ்த்துவிடக்கூட அவர்களுக்கு மனசு வரவில்லை. முதுகெல்லாம் அடிபட்ட தழும்போடு கிடந்ததை நீதான் தூக்கி வந்தாய்.

"பாவமுங்க, வாயில்லாச் சீவன். நம்மூட்டுலயே கெடக்கட்டுமுங்க."

"இருக்கற தொல்லை பத்தாதுன்னு இது வேறயா?" என்று கத்தினேன். நீ மாடிப்படிக்கு அடியில் சாக்கை விரித்துப் போட்டாய்.

செவலை சோற்றைத் தொடவே இல்லை. காரணத்தை நீ கண்டுபிடித்தாய். தறிச் சத்தத்தில் பேச்சு எடுபடாது. பளீரென்று கை தட்டினால்தான் ஆள் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு வாசலில் இரண்டு தட்டுத் தட்டுவேன். நீ தண்ணீர்ச் சொம்போடு வருவாய். செவலையோ அந்தச் சத்தத்துக்கு மூத்திரம் விட்டுக்கொண்டு சுருண்டுவிடும். ஒருநாள் அதைப் பார்த்த பங்காளி ஒருவர், "ஏனப்பா, நாயைப் போட்டு இந்த அடி அடிக்கறயா?" என்று கேட்டுவிட்டார். எனக்கு மானமே போய்விட்டது.

"அதுக்கு அடியும் தட்டறதும் ஒண்ணுதானுங்க" என்றாய் நீ. "கொஞ்ச நாளைக்குத் தட்டாம இருங்க. இப்படியே சோறெடுக்கலீன்னா பொழைக்காதுங்க."

ரோசம் வந்துவிட்டது எனக்கு. தெருமுனையிலேயே பைக்கை அணைத்து உருட்டி வந்தேன். படிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, "வா கண்ணு, சாப்புடு கண்ணு" என்று தினமும் கெஞ்சினேன். ஒரு சாயங்காலம் அது தவழ்ந்து வந்து என் உள்ளங்கையில் இருந்த பால்சோற்றை நக்கித் தின்றது. லாட்டரி விழுந்தவன் மாதிரி சமையலறைக்கு ஓடினேன்.

"பாத்தயா, எங்கையில தின்னுபோட்டுது!"

நீ தோசையைத் திருப்பிப் போட்டபடியே சிரித்தாய். "நாய்க்காகவாச்சும் வாயத் தொறந்து கூப்படறீங்களே. இருக்கட்டுமுங்க."

எனக்கு உடம்பு கூசிப்போனது. கல்யாணமான நாள் முதல் உன்னை நான் வாய் திறந்து கூப்பிட்டதே இல்லை. அந்த நாய்க்குப் பயம் என்று ஊருக்கே தெரிந்தது. உன்னுடைய பயத்தை மட்டும் நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றோடு கை தட்டுவதை விட்டேன். 'அம்மணி' என்று கூப்பிடப் பழகினேன். எல்லாம் சரியாகிவிட்டதென்று எனக்குள் ஒரு பெருமைகூட இருந்தது. செவலையும் தேறிவிட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கை தட்டி விளையாடினாலும் காதைக்கூட அசைக்காமல் தூங்கும்.

அடுத்த வருஷம் பள்ளி ஆண்டு விழாவில் நம் மகள் பரிசு வாங்கினாள். மண்டபமே கை தட்டியது. நானும் சேர்ந்து தட்டினேன். பக்கத்து நாற்காலியில் இருந்த நீ சட்டென்று எழுந்துவிட்டாய். ஈரமே இல்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "என்னங்க வேணும்?" என்று கேட்டாய்.

"ஒண்ணுமில்ல, உக்காரு அம்மணி" என்றேன். உன் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நாய்க்குப் போன பயம் உனக்குப் போகவில்லை.

போன மாதம் பேத்தி மேடையில் ஆடினாள். "தாத்தா மட்டும் கையே தட்டலீங்" என்று கோபித்துக்கொண்டாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? சபையே கை தட்டும்போது எனக்கு உன் நாற்காலி நகருகிற சத்தம்தான் கேட்கிறது.