ஆறாவது போல்ட்டின் மரை

என் பாசத்துக்குரிய மாமா,

நீங்கள் கண்ணை மூடி எட்டு மாதமாகிறது. நல்ல செய்தி ஒன்று வந்த பிறகு எழுதலாம் என்று காத்திருந்தேன். வரவில்லை. நம் படகு ஒன்பது நாளாகக் கரையில் கிடக்கிறது. அணைத் தண்ணீர் இங்கே கரையை ஒட்டி ஏறி நிற்கிறது. அக்கரைக்குப் போகிற சனமெல்லாம் வேறு படகில் ஏறுகிறது.

படகு மோட்டாரில் தண்ணீர் கசிந்தது. மேல்மூடியான ஹெட்டைக் கழற்றி, கசிவை அடைக்கிற புது கேஸ்கெட் வைத்து, ஆறு போல்ட்டையும் நான்தான் முடுக்கினேன். கடைசி போல்ட்டுக்கு வழக்கம்போல இன்னும் அரைச் சுற்று வைத்தேன். சட்டென்று கை லேசானது. ஓட்டைக்குள் போல்ட்டைப் பிடித்திருந்த புரி, அந்த அலுமினிய மரை முழுவதும் போல்ட்டோடு சுருண்டு வந்துவிட்டது.

அக்கா திட்டவில்லை. "இது ஓடலீன்னா படகை வித்துப்போட்டுத் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்டா. வேற என்ன பண்றது?" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு பென்னாகரத்து லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் ஓட்டைகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார்.

"முன்னாடி யாருங்க இதுல வேலை பார்த்தது? அஞ்சு ஓட்டையில மரை போயி, பெருசாக்கி, புது மரையா கம்பிச் சுருள் வெச்சிருக்காங்க. சுத்தமான வேலைங்க. மிச்சமிருந்த கம்பெனி மரை இது ஒண்ணுதான்."

இதற்கும் அப்படியே சுருள் வைக்க முடியாதா என்றேன். ஓட்டையின் ஓரமே விரிசல் விட்டிருக்கிறதாம், சுருள் நிற்காதாம். "வெல்டிங் வெச்சுப் பாக்கலாம். அந்தச் சூட்டுல மோட்டார் பிளாக் வளைஞ்சுதுன்னா என்னைக் கேக்கக் கூடாதுங்க" என்றார்.

வந்து அக்காவிடம் கேட்டேன். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அஞ்சும் நீ கெடுத்ததுதான். நீ வூட்டுக்குப் போனதும் அவரு கழட்டிப் போட்டுச் சரி பண்ணுவாரு. உங்கிட்ட சொல்லக் கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வேற வாங்கிட்டாரு."

"எம் மச்சான் முடுக்குனா ஆனை இழுத்தாலும் வராது" என்று படகில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்வீர்களே, மாமா. நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது கேலியா? ஒரே ஒரு தடவை என் கையைப் பிடித்துப் போதும் என்று சொல்லியிருக்கக் கூடாதா? உங்கள் மேல் கோபம் கோபமாக வருகிறது. அது அடங்கினால் அழுகை வருகிறது. இனி நான் கெடுப்பதை யார் வந்து சரி செய்வார்கள்?

நாளைக்கு வெல்டிங். பிளாக் தாங்குமா என்று எனக்குத் தெரியாது, பட்டறைக்காரருக்கும் தெரியாது. தாங்கினால் ஆறு போல்ட்டையும் அக்காதான் முடுக்குவாள். நான் படகைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அவள் போதும் என்றால் போதும். என் கை குறுக்கே வராது, இது சத்தியம்.

உங்கள் மச்சான்,
முருகேசன்