முழுகாமல் இருப்பவளுக்குச் சளி மாத்திரை

செவிலிமேடு
நவம்பர் 2003

அன்பு மகள் பரிமளாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ இன்னும் தேறவில்லை என்பதை நேற்று போனில் உன் அடைத்த மூக்கே சொல்லிவிட்டது. சம்பந்தியம்மா சளி மாத்திரையை நீட்டிக்கொண்டே இருக்கிறார், வேண்டாமென்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார், சண்டை எதற்கு, போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போடாதேடி என்று கத்தினேன், அதற்குள் லைன் போய்விட்டது. அப்புறம் எத்தனை தரம் போட்டாலும் சம்பந்தியம்மாவே எடுத்து, நீ தூங்குவதாகச் சொல்கிறார். அதனால்தான் இதைக் கூரியரில் அனுப்புகிறேன்.

போன வாரம் உனக்குச் சளி என்றதும் நானும்தான் மாத்திரை வாங்கப் போனேன். மருந்துக் கடையில் ஒரே ஆம்பளைக் கூட்டம். கூச்சப்பட்டு, பொண்ணு முழுகாம இருக்குதுப்பா, சளி பிடிச்சிருக்குது, மாத்திரை குடு என்றேன். அந்தக் கடங்காரன், சளின்னா முழுகாம இருக்கிறதுதாம்மா நல்லது, தலைக்குத் தண்ணி ஊத்தினா ஜுரம் வந்துடும் என்று ஒரு அட்டையைக் கொடுத்தான்! எனக்கும் அப்போது உறைக்கவில்லை. உனக்கு அனுப்புகிற பார்சலில் வைப்பதற்கு முன்னால் நம் டாக்டரம்மாவிடம் காட்டினேனோ, பிழைத்தோம். ஒரே மாத்திரையில் மூன்று நாலு மருந்து கலந்திருக்கிறதாம். மூக்கைத் திறக்கிற மருந்து பிரஷரை ஏற்றிவிடுமாம், உனக்கோ ஏற்கெனவே பிரஷர் எல்லையில் நிற்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் கிடைக்கிறது என்பதால் கர்ப்பிணிக்கு ஆகும் என்று அர்த்தமில்லை, பார்க்கிற டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடக் கூடாது என்றார்.

நேரே கடைக்குப் போனேன். அத்தனை பேருக்கு நடுவில், என் பொண்ணு கர்ப்பமா இருக்குதுப்பா, அஞ்சு மாசம், இப்போ புரிஞ்சுதா என்று உரக்கக் கேட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டுமே! உன் அப்பாதான் வெட்கப்பட்டு அந்தத் தெருப் பக்கமே போவதில்லை.

சம்பந்தியம்மா இதையே போட்டுக்கினு நாலு பெத்தேன் என்கிறாராம். பெத்தது அவர் உடம்பு, இது உன் உடம்பு. ஆவி பிடி, உப்புத் தண்ணீரில் கொப்பளி, வெந்நீர் குடி. ஜுரமோ மூச்சுத் திணறலோ வந்தால் வீட்டில் கிடக்காதே, மாப்பிள்ளையை எழுப்பி டாக்டரிடம் போ.

வரதர் உன்னையும் வயிற்றுப் பிள்ளையையும் காப்பாற்றட்டும். மரியாதை தெரியாதவள் என்று உன்னைச் சொன்னால் சொல்லட்டும். வளர்த்த லட்சணம் என்று என்னைத் திட்டினாலும் நான் வாங்கிக்கொள்கிறேன். மாத்திரையை மட்டும் நீ வாங்காதே.

உன் அம்மா,
சம்பூர்ணம்