தோல் உரிக்கும் பாறை

குடுமியான்மலை, 4.5.2024

அன்புத் தம்பி குணசேகரனுக்கு,

போனை விட்டுக் காகிதத்துக்கு வந்த காரணம் வெட்கக்கேடு. "எருமை, போனை எடுக்க மாட்டியாடா?" என்று வாட்ஸ்அப்பில் உனக்குப் பேசி அனுப்பியது தெருக்காரர் குரூப்பில் போய் விழுந்துவிட்டது. டீக்கடை வரை கேட்டுவிட்டார்கள்.

ஊர் திரும்பி, பாறையடி மனையில் வீடு கட்டி என் பக்கத்தில் இருக்கப்போகிறாய் என்றதிலிருந்து எனக்குத் தரையில் கால் பாவவில்லை. ஆனால் நேற்று மனைக்கு மேலே பாறையில் வடகம் போட ஏறினேன். கரண்டி தவறி விழுந்தது. பாறை காலிப் பானை மாதிரி 'டொம்' என்றது. ஓரத்தில் பார்த்தால், ஒரு முழக் கனத்துக்குப் பாறை தோல் விட்டு நிற்கிறது. சரிந்தால் நேரே உன் மனையில்தான் விழும். கல் எதுக்குடா தோல் உரிக்கிறது? உன் இன்ஜினியரிடம் கேட்டு எழுது.

அக்கா சுடர்விழி

மஸ்கட், 21.5.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கேட்டேன். அது பூமிக்குள் ஆழத்தில் குழம்பாகக் கிடந்து ஆறிய கல்லாம். மேலே கிடந்த மண்ணெல்லாம் கோடிக்கணக்கான வருஷத்தில் கரைந்துபோய், பாரம் குறைந்ததும் கல் உப்புமாம். அப்போது வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் பிளக்குமாம். மிச்சத்தை வெயிலும் மழையும் பார்த்துக்கொள்ளுமாம். அதனால்தான் மொட்டைத்தலை மாதிரி உருண்டை.

இத்தனை காலம் நின்றது நம் காலத்திலா விழும்? உண்மையைச் சொல். நான் பக்கத்தில் வருவது உனக்குப் பிடிக்கவில்லையா? அப்படியென்றால் திருக்கோகர்ணத்தில் மனை பார்த்துக்கொள்கிறேன்.

குணசேகரன்

குடுமியான்மலை, 9.6.2024

மக்குத் தம்பிக்கு,

பாரம் இறங்கினால் கல்லுக்கே உடம்பு வைக்கிறது. நீயும் வந்து பாரத்தை இறக்கு.

பிடிக்காதவளா வெயிலில் பாறையெல்லாம் தட்டிக்கொண்டு திரிவாள்? கொத்தனார் நிலவழகனையும் கூட்டிப்போனேன்.

"இது எப்பண்ணே எறங்கும்?"

"நாளைக்கும் எறங்கும், பேரன் காலத்துலயும் எறங்கும். அதுக்கென்ன அவசரம்? அடியில படுக்கிறவங்கதான் யோசிக்கணும்."

உன்னை அங்கே படுக்கவைத்துவிட்டு எனக்கு எப்படித் தூக்கம் வரும்? என் மிளகாய்த் தோட்டத்தில் பாதியை எடுத்துக்கொள். பாறைக்கும் அதற்கும் நடுவில் ரோடும் குளமும் இருக்கின்றன. திருக்கோகர்ணம் பேச்சை எடுத்தால் மறுபடியும் குரூப்பில் திட்டுவேன்.

சுடர்விழி

குடுமியான்மலை, 14.7.2024

தம்பிக்கு,

நீ போனில் சரி என்றதும் தோட்டத்தில் அஸ்திவாரம் தோண்டச் சொல்லிவிட்டேன். இடுப்பளவு தோண்டியதும் அடியில் அதே பாறை, வழவழவென்று. அஸ்திவாரத்துக்கு நல்லதுதான் என்கிறார் நிலவழகன்; இன்னும் வெளியே வராத மலையாம். மேல்மண் கரைந்தால் இதுவும் ஒருநாள் எழுந்து நிற்கும். அதற்குள் டிக்கெட் போட்டுவிடு.

அது எதுவரை போகிறது என்று குனிந்து பார்த்தேன். குழிக்குள் விழுந்தேன். வலது கையில் மாவுக்கட்டு. நான் சொல்ல உன் மச்சான் எழுதுகிறார். பிழைகள் அவருடையவை.

சுடர்விழி