மாமா கட்டிய மத்தியானச் சோறு

தம்பி,

இன்று சாயங்காலம் மகாவின் பள்ளிக்கூடப் பையைத் திறந்ததும் புளித்த சோற்றின் வாடை முகத்தில் அடித்தது. காலையில் நான் பிசைந்து வைத்த தயிர்சோறு. ஸ்பூன் பட்ட தடம்கூட அதில் இல்லை. கழுவப் போகாமல் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ இருந்த நாளில் இந்த வீட்டுக்குள் இப்படியொரு வாடை வந்ததில்லை.

வளைகுடாவிலிருந்து நீ திரும்பியபோது எனக்கே உன்னை அடையாளம் தெரியவில்லை. அங்கே தொழிலாளர் முகாமின் சமையற்கட்டில் வருஷக்கணக்காக வெந்தவன், இரண்டு சிறுநீரகமும் கெட்டு, வீங்கிய காலோடு நம் ஊர் இலத்தூரில் வந்து இறங்கினாய். என்னுடையதில் ஒன்றைத் தருகிறேன் என்று போனேன். எனக்குச் சர்க்கரை இருக்கிறது, கூடாது என்றுவிட்டார் டாக்டர். அதன்பின் வாரத்தில் பாதி நாள் தென்காசி ஆஸ்பத்திரியில் உனக்கு டயாலிசிஸ்.

அப்போது நான் குற்றாலத்தில் லாட்ஜ் வேலைக்கு முதல் பஸ்ஸிலேயே போய்விடுவேன். மகாவின் அப்பாவும் வெளிநாட்டில். இரண்டாம் வகுப்புப் பிள்ளை பல நாள் பேக்கரி பன்னோடு வேனில் ஏறுவாள். வந்த வாரமே அதைப் பார்த்துவிட்டு, "இனி அவ சாப்பாடு என் பொறுப்புக்கா" என்றாய்.

முதல் வேலையாக டப்பாவை மாற்றினாய். அவளை உட்காரவைத்துத் திறக்கச் சொன்னாய். மூடி அசையவில்லை. "பிள்ளைக்குத் தெறக்க வராத டப்பாவுல என்னத்த வச்சு என்ன? யாருகிட்டயும் கேக்க வெக்கப்பட்டுக்கிட்டு அப்படியே கொண்டாந்துருதா" என்றாய். இட்லியைத் துண்டு துண்டாக வெட்டிப் பொடியும் எண்ணெயும் புரட்டி வைப்பாய். தயிர்சோற்றில் பாலைக் கூடுதலாக விட்டு, மத்தியானத்துக்குப் பதமாக வரும்படி பிசைவாய். அவளுக்கு முன்பல் விழுந்திருந்த நாட்களில் கடிக்கிற எதையும் வைக்கவில்லை. உனக்கு உப்பு ஆகாது. நாக்கில் வைத்துக்கூடப் பார்க்கமாட்டாய். "ஏட்டி, உப்பு பாத்துச் சொல்லு" என்று அவள் உள்ளங்கையில் துளி வைப்பாய். அவள் கண்ணை மூடி யோசித்துச் சொல்வாள்.

அடுத்த வீட்டுப் பாத்திமா பீடி சுற்றுகிறவள். வெளிநாட்டில் அவள் வீட்டுக்காரருக்கு வேலை போனதிலிருந்து மகள் நஸ்ரினின் டப்பாவில் பிஸ்கட்தான். ஒருநாள் நீயாகவே போய், "அக்கா, டப்பாவ இங்கன குடுங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா கட்டுதேன்" என்றாய்.

"நீங்களே சொகமில்லாத ஆளு. ஒங்களுக்கு எதுக்குத் தம்பி இந்தப் பாடு?"

"சும்மா கெடந்தாத்தான் எனக்குப் பாடு."

டயாலிசிஸ் முடிந்த மறுநாள் விடியலில் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வருவாய். போய்ப் படு என்று ஒருநாள் உன் கையைப் பிடித்து இழுத்தேன். "படுத்தா அப்படியே படுத்துருவேன்க்கா. இது ஒண்ணுதான் என்னைய எழுப்புது" என்றாய். நான் கையை விட்டுவிட்டேன்.

சாரல் பிடித்திருந்த ஒரு காலையில், பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிய நீ மூச்சுமுட்டி வாசலில் உட்கார்ந்துவிட்டாய். பாத்திமாதான் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். சீசன் கூட்டத்தில் மாட்டிய பஸ்ஸில் நான் குற்றாலத்திலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள். சாயங்காலம் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டு டப்பாவும் காலி. நீ கட்டியதை அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ இல்லை.

அதன்பின் எதுவும் நேராகவில்லை. பாத்திமா கொஞ்சநாள் இருவருக்கும் கட்டிப் பார்த்தாள். சுற்றுகிற பீடி குறைந்தால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. இந்த வருஷம் நஸ்ரினை மத்தியானச் சோறு போடுகிற அரசுப் பள்ளியில் சேர்த்துவிட்டாள். அவர்களுக்கு அது நல்லதுதான். மகாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லாமல் போயிற்று.

லாட்ஜை விட்டுவிட்டு, தாமதமாகத் திறக்கிற ஜவுளிக்கடையில் சேர்ந்தேன். நீ செய்தது போலவே இட்லியை வெட்டுகிறேன், பால் விட்டுப் பிசைகிறேன். எல்லாம் திரும்பி வருகிறது. "டப்பாவத் தெறந்து பாத்துட்டு மூடிருதாம்மா" என்று டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார். அவளுக்கு ரத்தம் குறைந்துகொண்டே போகிறது என்கிறார் டாக்டர். அதட்டினேன், கெஞ்சினேன். "பசிக்கல" என்பதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்வதில்லை. போகப்போகச் சரியாகும் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தலை பின்னிவிட்டுக்கொண்டிருந்தேன். "எம்மா, மாமாவுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்?" என்று கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை, தம்பி. சின்ன வயதில் வீட்டில் இருந்ததைத் தின்றாய். மீசை முளைத்த கையோடு விமானம் ஏறி, அங்கே ஊருக்கே சமைத்தாய். திரும்பி வந்தபின் டாக்டர் சொன்னதைத் தின்றாய். இது வேண்டும் என்று நீ கேட்டதாக ஒன்றுகூட எனக்கு நினைவில்லை. ரிப்பன் கட்டி முடிக்கும்வரை அவள் பதிலுக்குக் காத்திருந்தாள். அரிசி களைகையிலும் பஸ்ஸில் நிற்கையிலும் அந்தக் கேள்விதான் இப்போது என்னோடு வருகிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வேறு ஆளும் இல்லை.