மிதிக்கு அடியில் ஒரு கட்டை

மார்ச் 6
வண்டி இன்றும் குதித்தது. தானியக் கிடங்குக்குப் பின்னால் ஆளில்லாத ரோட்டில் ஒரே மிதி. பின்சக்கரங்கள் தரையைப் பிடிக்காமல் தடதடவென்று துள்ளின. காலை எடுத்துவிட்டேன்.

விவாகரத்தில் ராய்ஸுக்கு வீடு, எனக்கு இந்த, தரையோடு தாழ்த்திய பிக்கப் வண்டி. “வண்டியில கோளாறு இல்ல லோரீன். உன் கால்தான் கனம்.” ஒன்பது வருடம் அவனுக்கு இதே பாட்டு. ஆக்ஸிலரேட்டருக்கு அடியில் மரக்கட்டை வைத்துத் திருகினானே, நான் முழுசாக மிதிக்காமல் இருக்க. ஊரே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

மார்ச் 9
ஏப்ரலில் நடக்கும் நேர்கோட்டு வண்டிப் பந்தயத்தில் அவனும் ஓடுகிறான். அவன் முன்னால் மறுபடி துள்ளிக்கொண்டு நிற்க மாட்டேன். புது டிராக்‌ஷன் பார், அதாவது பின்சக்கரம் துள்ளாமல் அச்சைப் பிடிக்கும் கம்பி, போடப்போகிறேன்.

மார்ச் 14
பட்டை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் குட்டைக் கம்பி வேண்டாம். இந்த உயரத்தில் வேகத்தடை ஒவ்வொன்றிலும் இடிக்கும். அச்சிலிருந்து வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஓடும் நீளக் கம்பிதான். முன்முனை ஊஞ்சல் மாதிரி ஆடவேண்டும், இல்லாவிட்டால் ஸ்பிரிங் அசையாது. கடைக்காரன் கேட்டான்: “வீட்டுக்காரர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்குறீங்களா?” காசை மேஜையில் வைத்துவிட்டு வாங்கி வந்தேன்.

மார்ச் 22
வெல்டர் ஆர்வில் பட்டறை. ராய்ஸ் போட்ட பழைய கம்பியின் போல்ட்டைத் தளர்த்தியதும் ‘டங்’ என்று அடித்து விலகியது. ஆர்வில் வண்டிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

“வண்டிய லிஃப்ட்ல தூக்கி, சக்கரம் தொங்கும்போதே கம்பிய பத்த வெச்சிருக்கான்மா. கீழ எறக்குனதும் கம்பி இறுகிப்போச்சு. ஸ்பிரிங் எப்படி வேலை செய்யும்? யாரு மிதிச்சாலும் குதிக்கத்தான் செய்யும்.”

“அவனுக்குத் தெரியாதா?”

“அவன் பட்டறையில காசு குடுக்குறவன் வண்டிக்கெல்லாம் தரையில நிக்க வெச்சுதான் போடுவான்.”

அப்படியென்றால் தெரியும். அவசரத்தில் செய்தான். பிறகு ஒத்துக்கொள்ள மனசில்லை. பழிபோட என் கால் கிடைத்தது.

மார்ச் 23
பழைய கம்பியைத் தூக்கி ஆர்விலின் இரும்புக் குவியலில் போட்டேன்.

மார்ச் 29
அச்சுக்கு அடியில் ஸ்டாண்ட் கொடுத்து, முழு பாரமும் சக்கரத்தில் இருப்பது மாதிரி வைத்தோம். ஓட்டுபவரின் எடையும் வேண்டுமே. எடைமேடை ஆபீஸில் என்னோடு வேலை பார்க்கும் ட்வைலாவை சீட்டில் உட்காரவைத்தேன், கையில் பர்கரோடு. “ஏண்டி, என்னைப் பார்த்தா மணல் மூட்டை மாதிரியா இருக்கு?” என்றாள். ஆர்வில் பத்தவைத்தான், நான் பிடித்துக்கொண்டேன். போல்ட்டை எல்லாம் நானே முறுக்கினேன்.

ஏப்ரல் 19
பந்தயம். காலை முழுக்க மழை, ஒத்திகை ஓட்டம் ரத்து. எத்தனை விநாடியில் ஓடுவோம் என்று வண்டிக் கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் எழுதவேண்டும். அதைவிட வேகமாக ஓடினால் தோல்வி. கை தானாக எழுதியது: 8.40. இத்தனை வருடமாக ராய்ஸ் எழுதிக்கொடுத்த எண்.

முதல் சுற்றிலேயே பக்கத்து வரிசையில் அவன். பச்சை விளக்கு எரிந்தது. வண்டி ஒரு துள்ளல் இல்லாமல் கிளம்பியது. அரைக்கால் மைல், 7.98 விநாடி. மிதிக்கு அடியில் அந்தக் கட்டை இருக்கும்போதே. எழுதியதைவிட வேகம், தோல்வி.

அவன் தான் எழுதிய நேரத்தை மிஞ்சாமல் ஓடி ஜெயித்தான். ஜன்னலருகே வந்து, “சொன்னேன்ல, உன் கால்தான்” என்றான். ஜன்னலை ஏற்றினேன். தோற்கடித்தது அவனில்லை. கம்பியை மாற்றிவிட்டு அவன் எண்ணையே எழுதினேனே, அந்தப் புத்தி.

ஏப்ரல் 20
கட்டையைக் கழற்றினேன். இரண்டு திருகுதான். மிதி இடித்து இடித்து மேல்பக்கம் பள்ளம் விழுந்திருக்கிறது. இத்தனை வருடமும் நான் முழுசாகத்தான் மிதித்திருக்கிறேன்.

8.40ஐத் துடைத்துவிட்டு 7.80 என்று எழுதினேன். கட்டையில்லாமல் இன்னும் ஓடிப் பார்க்கவில்லை.