பேர் போடும் கணினி

இன்று காலை வாசல் கேட்டின் மோட்டார் ஓடவில்லை. உள்ளிருந்த மின்பலகையைக் கழற்றி, விட்டுப்போன இணைப்பில் ஈயம் உருக்கிப் பற்றவைத்தேன். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் உன்மேல் கோபம்தான் முதலில் வந்தது. செத்துப்போனவர்மேல் என்ன கோபம் என்று மனைவி கேட்டாள். உன்னோடு சேர்ந்து கணினி செய்திருந்தால் அவளுக்குப் புரிந்திருக்கும்.

அந்தக் காலத்தில் நாம் இருவரும் ஒரே தொழிற்சாலையில் பொறியாளர்கள். விடுமுறை நாள்களில் புக்கிட் செலம்பாவில் உன் வீட்டு ஹாலில் உட்கார்ந்து வீட்டுக் கணினி ஒன்றை வடிவமைத்தோம். விசைப்பலகையோடு ஒரே பெட்டி, டிவியில் இணைத்தால் போதும். மின்சுற்று என் வேலை, திரையில் எழுத்து வரவைப்பது உன் வேலை. நீயோ தமிழும் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய்.

"இருக்கிற மெமரியில பாதிய எழுத்தே தின்னுடும்டா. புரோகிராம எங்க வைக்கிறது?" என்று எத்தனை தடவை கேட்டிருப்பேன்.

"பாத்துக்கலாம்லா," என்பாய்.

கடைசியில் ஆங்கிலம் மட்டும் போதும் என்று ஒப்புக்கொண்டாய். நானும் நம்பினேன்.

சுங்கை பட்டாணியில் டிவி கடை வைத்திருந்த, நமக்குத் தெரிந்த ஓர் அண்ணனிடம் கொண்டுபோனோம். பிடித்திருந்தால் விற்றுத் தருவதாகச் சொல்லியிருந்தார். அதை நம்பி வேலையை விடவே நான் தயாராக இருந்தேன். கேசட்டில் பதிந்து வைத்திருந்த வாய்ப்பாட்டுப் பயிற்சி புரோகிராமைக் கணினியில் ஏற்றினேன். பாதியில் நின்றுவிட்டது. மெமரி போதவில்லை. உன் பக்கம் திரும்பினேன். நீ என் முகத்தைப் பார்க்காமல் விசைகளைத் தட்டினாய். திரையில் அவர் கடையின் பெயர் தமிழில் வந்து நின்றது. எனக்குச் சொல்லாமல் தமிழ் எழுத்துகளைத் திரும்ப உள்ளே வைத்திருந்தாய்.

அண்ணன் நெடுநேரம் திரையையே பார்த்தார். பிறகு, "கணக்குப் போடுமா தம்பி?" என்றார்.

"பேர் போடும்ணே," என்றாய்.

"பேர் போடத்தான் வாசல்ல போர்டு இருக்கே."

அதோடு முடிந்தது. திரும்பும்போது மோட்டார் சைக்கிளின் பின்னால் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாய்: "அந்தப் பேர அவர் எவ்வளவு நேரம் பாத்தாரு, கவனிச்சியா?" நான் வேகத்தைக் கூட்டினேன்.

இன்னொரு கணினி நாம் செய்யவில்லை. நான் அதே தொழிற்சாலையில் இருந்து ஓய்வு பெற்றேன். மருத்துவமனையில் உன்னைக் கடைசியாகப் பார்க்க வந்தபோதுகூட, "நீ மெமரிய கொஞ்சம் கூட்டி வச்சிருக்கலாம்டா," என்றாய், தப்பெல்லாம் என்னுடையது போல. படுத்துக் கிடப்பவனிடம் என்ன சண்டை போடுவது? தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

இப்போது சின்னதாக ஒரு மின்சுற்று வரைந்தாலும் ஓர் ஓரத்தைக் காலியாக விடுகிறேன். நீ வந்து எதையாவது திணிப்பாய் என்று கை பழகிவிட்டது. யாரும் வந்து திணிப்பதில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.