வாடகைக்கு ஆடும் நண்பர்கள்

ஜனக்புரி, புது தில்லி
நவம்பர் 28

அன்புள்ள மஞ்சரிக்கு,

மம்மி எழுதுவது. இங்கே பப்பாவும் நானும் நலம், உன் தம்பி நிகுஞ்ச் தேவைக்கு மேலேயே நலம். ஹாலிஃபாக்ஸில் பனி கொட்டுவதாகச் செய்தியில் பார்த்தேன், நீ காதை மூடிக்கொண்டுதான் வெளியே போகிறாய் என்று நம்ப விரும்புகிறேன். போனில் சொல்லாமல் காகிதத்தில் எழுதக் காரணம் இருக்கிறது. போனில் அவன் பேச்சை எடுத்தாலே நீ சிரிக்கிறாய், சிரித்து முடித்ததும் "அவன் ஆசைப்பட்டதைப் பண்ணட்டுமே மம்மி" என்கிறாய். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. மேல்மாடி அரோராவின் மகள் ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்ப விமானம் ஏறுகிறாள், மாங்காய் ஊறுகாயோடு இதையும் அவள் பெட்டியில் வைக்கிறேன்.

அவனுக்குப் பட்டம் கிடைக்க ஒரே ஒரு தாள் பாக்கி என்பது உனக்குத் தெரியும். புள்ளியியல். இருபத்திரண்டு வருடமாக நான் அடுத்தவர் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற அதே பாடம். இந்த முறை எழுதாவிட்டால் இனி வாய்ப்பில்லை, படித்த மூன்று வருடமும் போச்சு என்று பல்கலைக்கழகம் எழுத்திலேயே கொடுத்துவிட்டது. பரீட்சை இருபத்தைந்தாம் தேதி காலை ஒன்பது மணிக்கு. அதற்குப் படிக்க வேண்டிய ஆறு வாரமும் இவன் பப்பாவோடு சோபாவில் சாய்ந்து இந்திச் சிரிப்புப் படங்கள் பார்த்தான். வேறு வழியில்லாமல் நானும் பார்த்தேன். பதினோரு படம். மூன்று பையன்கள், ஒருவன் குண்டு, ஒருவன் பயந்தாங்கொள்ளி, மூன்றாமவன் எப்போதும் எதன்மீதாவது சாய்ந்து நிற்பான். என்ன ஆக வேண்டும் என்றால் பெரிதாக ஏதாவது என்பார்கள், எது என்று திருப்பிக் கேட்பவர் வில்லன் அல்லது அப்பா. இடைவேளை வரை எல்லாம் கெடும். பிறகு ஒரு பாட்டு வரும், பாட்டு முடிவதற்குள் கடை திறந்து, கூட்டம் சேர்ந்து, கார் வாங்கிவிடுவார்கள். கடிகாரம் வைத்துப் பார்த்தேன், மூன்றரை நிமிடம். அந்த மூன்றரை நிமிடத்தில் ஒருவனும் பாத்திரம் கழுவவில்லை, ஒருவனும் மாநகராட்சி அலுவலகத்தில் வரிசையில் நிற்கவில்லை. அந்தப் பையன்களுக்கு வேலை செய்ய ஆசையே இல்லை மஞ்சரி, வேலை செய்து முடித்தவர்களாக இருக்க ஆசை. அம்மாவுக்கு அங்கே இரண்டே வேலை, பராத்தா சுடுவதும் வளையலைக் கழற்றிக் கொடுப்பதும். ஒழுங்காக வேலைக்குப் போகிறவன்தான் கோமாளி. கையில் டிபன் பாக்ஸோடு பஸ் பின்னால் ஓடுவான், கால் இடறி விழுவான். அவன் விழும்போதெல்லாம் நம் வீட்டில் அதிகமாகச் சிரிப்பது இருபத்தேழு வருடமாக டிபன் பாக்ஸோடு மின்வாரியத்துக்குப் போய் வருகிற உன் பப்பா. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பயிற்சியில் பிறந்ததுதான் இவர்களுடைய தொழில். நிகுஞ்ச், எதிர் வீட்டு பல்ஜீத், அவனோடு படித்த தேவாங், மூவரும் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகை நண்பர்கள். வேலைக்காகத் தில்லிக்கு வந்த மாப்பிள்ளைகளுக்குக் குதிரைக்கு முன்னால் ஆட இங்கே ஆள் கிடையாது, நாங்கள் போய் ஆடுவோம் என்றார்கள். கார்த்திகை ஏகாதசி கழிந்து கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கியதுமே முதல் மாப்பிள்ளை அகப்பட்டார். அங்குர் என்று பெயர், மத்தியப் பிரதேசத்துச் சத்னாக்காரர், இங்கே தில்லித் துவாரகாவில் ஏதோ அலுவலகத்தில் கணக்கர். கல்யாணம் இருபத்து நான்காம் தேதி சாயங்காலம். மறுநாள் பரீட்சை என்று ஞாபகப்படுத்தினேன். "ஒரு சாயங்காலம்தானே மம்மி, ஒம்பது மணிக்கு வீட்ல இருப்பேன். நீங்க ஏன் எப்பவும் வில்லன் மாதிரியே பேசறீங்க?" என்றான். பல்ஜீத் என்னைச் சமாதானப்படுத்த வந்தான். "ஆன்ட்டிஜி, பரீட்சை வருஷா வருஷம் வரும், மொதல் ஆர்டர் ஒரு தடவைதான் வரும்!" நேர்மாறாகச் சொல்கிறாய் என்றேன், அவனுக்குப் புரியவில்லை. மூவருக்கும் ரோஜா நிறத் தலைப்பாகை வேண்டுமென்று நிகுஞ்ச் பேசும்போது அவன் பார்வை என் வளையல்மேல் போயிற்று. அது கண்ணாடி என்று சொன்னேன்.

அன்று தில்லியில் பாதிப் பேருக்குக் கல்யாணம். பங்க்கா ரோட்டில் போக்குவரத்து நின்று, ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஊர்வலங்கள். நான்கு வெள்ளைக் குதிரை, நான்கு பேண்டு வாத்தியம், நான்கிலும் ஒரே பாட்டு. மாப்பிள்ளைகளின் முகத்தைத்தான் பூச்சரம் மறைத்துவிடுமே. இவர்கள் முன்னால் தெரிந்த குதிரைக்கு முன் புகுந்து ஒன்றரை மணி நேரம் ஆடித் தீர்த்தார்கள். மண்டப வாசலில் இரு வீட்டு ஆண்களும் தழுவிக்கொள்ளும்போது பல்ஜீத் பெண்ணின் மாமாவையும் இறுகக் கட்டிக்கொண்டான். அங்கே ஒரு அம்மாள், "நீ மாப்பிள்ளைக்கு என்ன வேணும் தம்பி?" என்று கேட்க, "சின்ன வயசு சிநேகிதன் ஆன்ட்டிஜி, அங்குரும் நானும் ஒரே பெஞ்சு" என்றான். "எந்த அங்குர்?" என்று அந்த அம்மாள் கேட்கும்போது பூச்சரம் விலகியது. உள்ளே நாற்பது வயதான வேறொருவர். "ஒரே பெஞ்சா? இவன் இங்கிலாந்துல படிச்ச பையன்டா!" என்று மாமா கத்த, மூவரும் ஓடி வந்தார்களாம், தேவாங் மட்டும் கையில் குலாப்ஜாமூனோடு.

இரவு நிகுஞ்ச் வந்து இதைச் சொல்லும்போது பப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். நிகுஞ்ச் சிரிக்கவில்லை. உண்மையான அங்குர் அதே சாலையில், மூன்று குதிரை பின்னால், ஊரிலிருந்து வந்த ஐந்து பெரியவர்களோடு நின்றிருக்கிறார். பேண்டுக்காரர்கள் வாசித்தார்கள், ஆட யாருமில்லை. நடுவில் இவனுக்குப் போன் செய்திருக்கிறார், இரைச்சலில் இவன் எடுக்கவில்லை. பிறகு இவனாகக் கூப்பிட்டபோது அவர், "பரவால்ல பாய், நீங்க சாப்டீங்களா?" என்று மட்டும் கேட்டாராம். "அவர் திட்டவே இல்ல மம்மி" என்று நிகுஞ்ச் இரண்டு தடவை சொன்னான். அந்தப் பதினோரு படத்திலும் இப்படி ஒருவரை யாரும் காட்டவில்லை, அவர் நிற்கிற இடத்துக்குக் காமிரா போவதில்லை. நான் விளக்கை அணைத்தேன்.

காலையில் அவனை எழுப்புவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். இருபத்திரண்டு வயதுப் பையனைக் கட்டிலிலிருந்து இழுத்துப் பரீட்சைக்கு அனுப்புவது படத்து அம்மாக்களின் வேலை. ஏழு மணி ஆயிற்று, ஏழேகால் ஆயிற்று. ஏழரைக்குச் சமையலறையில் பெரிய எவர்சில்வர் தாம்பாளம் என் கையிலிருந்து நழுவியது. எட்டு மணிக்கு நெற்றியில் தலைப்பாகையின் ரோஜாச் சாயம் போகாமலே பஸ்ஸைப் பிடிக்க ஓடினான், டிபன் பாக்ஸோடு. சினிமாவாக இருந்தால் கேள்வித்தாளில் ஊர்வலக் கணக்கு வந்திருக்கும், இவன் நூற்றுக்கு நூறு வாங்கியிருப்பான். வந்தது பல்பு தொழிற்சாலைக் கணக்கு. மூன்று மணி நேரமும் உட்கார்ந்து எழுதியதாகச் சொல்கிறான். தேறுவானா என்று கேட்காதே, விடைகளை விசாரித்தவரையில் எனக்கு நம்பிக்கை பாதிதான். ஜனவரியில் தெரியும். இதற்கிடையில் அங்குரும் அவர் மனைவியும் நாளை சத்னாவுக்கு ரயில் ஏறுகிறார்கள், மூவரும் வழியனுப்ப நிஜாமுதீன் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். பிளாட்பாரத்தில் ஆடிக் கடனைத் தீர்க்கப் போவதாக பல்ஜீத் சொன்னான். பெட்டி தூக்கினால் போதும் என்றேன்.

உனக்கு ஒரு வேண்டுகோள். மனம் சொல்வதைக் கேள் என்று அங்கிருந்து அவனுக்குச் செய்தி அனுப்பாதே. நீ இரண்டு வேலை பார்த்து, நூலகத்தில் தூங்கி விழுந்து படித்ததை ஒரு தடவையாவது அவனுக்குச் சொல், அதை நீ எங்களிடம்கூட மறைத்தாய், அரோராவின் மகள் சொல்லித்தான் தெரியும். கம்பளிக் காலுறை போடு. ஊறுகாயில் ஈரக்கரண்டி போடாதே. உடம்பும் மனமும் தெம்பாக, நினைத்த காரியம் கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும்.

அன்புடன்,
உன் மம்மி
சுலேகா மாத்துர்

பி.கு. தாம்பாளத்தின் விளிம்பு நசுங்கிவிட்டது. பப்பா போனில் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது. நிகுஞ்ச் கேட்டாலும்.